டனல்காரர் மாட்டிய டோக்கன் பலகை

எந்த மலையைப் பார்த்தாலும் இதை எந்தப் பக்கத்திலிருந்து குடையலாம் என்று யோசிக்கிற ஒரு மனிதரை, ஊரே சுற்றிவந்து கும்பிடுகிற மலைக்கு எதிரே குடிவைத்தது ஆண்டவனின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். திருவண்ணாமலைக்கு விதவிதமான ஆட்கள் வருகிறார்கள். பேசவே மாட்டேன் என்று சிலேட்டில் எழுதிக் காட்டுகிறவர்கள் உண்டு. செங்கம் ரோட்டு காபிக் கடையில் அரை நாள் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, பில் வந்ததும் திறக்கிறவர்களும் உண்டு. அத்தனை பேரையும் ஒரு தட்டில் வைத்து, வேங்கிக்காலில் எங்கள் தெரு டனல்காரரை இன்னொரு தட்டில் வைத்தால் அவர் தட்டுதான் கீழே இறங்கும்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் சிலிண்டர் போடுகிறவர்கூட ‘டனல் வீடு எதுங்க’ என்றுதான் கேட்பார். இமயமலையில் ஒரு கணவாய்க்கு அடியில் சாலைக்காகக் குகை வெட்டுகிற கம்பெனியில் ஃபோர்மேன். வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். போன தீபாவளிக்கு, சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். அவர் மனைவி அம்சா இந்த முறை அவரைத் திரும்ப அனுப்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார். வேங்கிக்கால் மெயின் ரோட்டில் அம்சாவின் தம்பி நடத்தும் ஹார்டுவேர் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி தயாராக இருந்தது. டனல்காரர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தனக்குக் குகைக்கு வெளியே ஹீட்டர் போட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிற வேலைதான் என்று மட்டும் மனைவியிடம் வருஷக்கணக்காகச் சொல்லி வைத்திருந்தார். அவர் போவாரா மாட்டாரா என்பது அந்த வீட்டின் கவலை. தெருவின் கவலை அவர் போகிற வரைக்கும் எப்படித் தாக்குப்பிடிப்பது என்பது.

தீபாவளியன்றே ஆரம்பித்துவிட்டார். தெருக் குழந்தைகள் ஒரே ஒரு லட்சுமி வெடியை நடுத்தெருவில் வைத்ததும் ஹெல்மெட்டோடு ஓடிவந்து, எல்லோரையும் தெருமுனைக்கு விரட்டி, மூன்று முறை விசில் ஊதி, தானே பற்ற வைத்தார். வெடித்த பிறகும் யாரையும் விடவில்லை. புகை அடங்க வேண்டும், அவர் போய்ப் பார்த்துவிட்டு ஒற்றை விசில் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்த வெடி. அந்த வேகத்தில் எங்கள் தெருவின் தீபாவளி பட்டாசு கார்த்திகை தீபம் வரைக்கும் வந்தது.

நான் புதுவீட்டுக்குக் குடிவந்தபோது வாழ்த்த வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. திரைச்சீலைக் கம்பியை உருவி, ஒவ்வொரு அறையின் கூரையையும் தட்டித் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். குகைக்குள் பாறை இளகியிருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். ஹாலுக்கு வந்ததும் முகம் சுருங்கியது.

“இங்க ஒரு இடம் சவுண்டு சரியில்லைங்க. விழும்” என்றார். சந்தேகம் தீர இன்னொரு தட்டு தட்டினார். விழுந்தது. கூரைக் காரை பெயர்ந்து பாயசத்தில் விழுந்தது. “சொன்னேன் பார்த்தீங்களா” என்று அவர் முகத்தில் வந்த திருப்தியை என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த வீட்டு பி.டி. வாத்தியாரின் மகள் கல்யாணத்தில் எனக்குப் பக்கத்து இலை அவருடையது. வாத்தியார் ரிட்டையர் ஆனவர். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர், வழியில் எங்கேயும் உட்காராமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் முழுச் சுற்றும் முடிக்கிறவர். இது அவரே சொன்னது, தினமும் சொல்வது. பந்தியில் அந்தப் பெருமை ஓடிக்கொண்டிருக்கும்போதே டனல்காரர் என் இலையில் சாதத்தை மலையாகக் குவித்தார். மேலே தயிர்ப்பச்சடியை ஊற்றி, இது பனி என்றார். பனி விழுந்தால் கணவாய் அடைபட்டுவிடும், அந்தப் பக்கத்து ஜனங்கள் பாதி வருஷம் வெளியே வர முடியாது, அதனால்தான் அடியில் குடைகிறோம் என்றார். நீங்கள் அந்தப் பக்கம் குடையுங்கள், நான் இந்தப் பக்கம் குடைகிறேன் என்றார். இரண்டு விரலும் நடுவில் சரியாக முட்டின. அவர் கண்கள் பளபளத்தன. சாம்பார் வாளியோடு காத்திருந்தவர் இந்தப் பக்கம் ஊற்ற, சாம்பார் அந்தப் பக்கம் வந்து என் வேட்டியில் இறங்கியது.

டீக்கடையில் ஒருவர் விளையாட்டாக, நம் மலைக்கு அடியிலும் ஒன்று குடைந்தால் செங்கம் ரோட்டுக்குச் சீக்கிரம் போய்விடலாமே என்று வாயைக் கிண்டினார். டனல்காரர் பதறி எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இது குடையற மலை இல்லைங்க. சுத்தற மலை” என்றார். அன்றைக்கு அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனது எல்லோருக்கும் ஆச்சரியம்.

மார்கழியில் அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஒரு பலகை வந்தது. நிறைய ஆணிகள். பெயிண்ட் டப்பா மூடியை வட்டமாக வெட்டி, தெருவில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கையில் ஒரு டோக்கன் கொடுத்தார். கிரிவலத்துக்குக் கிளம்பும்போது அதைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். குகைக்குள் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். தொங்குகிற டோக்கன் என்றால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். ஒரே ஒரு கண்டிப்பு, அவரவர் டோக்கனை அவரவர்தான் கழற்ற வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் கழற்றக் கூடாது. மலையைச் சுற்றத்தானே போகிறோம், உள்ளேயா போகிறோம் என்று நாங்கள் முணுமுணுத்தோம். ஆனாலும் மாட்டினோம். மாட்டாவிட்டால் அவர் தெருமுனை வரைக்கும் விசில் ஊதிக்கொண்டே பின்னால் வருவார்.

தை மாதப் பௌர்ணமிக்குத் தெருவே விடிந்ததும் கிளம்பியது. பி.டி. வாத்தியார் வழக்கம்போல் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரையும் முந்திக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கிரிவலத்துக்குப் போன் கொண்டுபோவது பக்தி இல்லை என்பது அவர் கட்சி. மதியத்துக்குள் நாங்கள் எல்லோரும் திரும்பி டோக்கனைக் கழற்றிவிட்டோம். முதலில் போனவர் டோக்கன் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக் கதவில் பூட்டும் அப்படியே இருந்தது.

கூட்டத்தில் எங்கேயாவது நின்று பேசிக்கொண்டிருப்பார் என்று நாங்கள் சாப்பிடப் போனோம். டனல்காரர் பலகையின் முன்னால் நின்றபடியே இருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதே இடம். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. பிறகு மூன்று விசில் கேட்டது.

தெருவை இரண்டு அணியாகப் பிரித்தார். பாதிப் பேர் கோயிலிலிருந்து செங்கம் ரோடு வழியாகப் போக வேண்டும், பாதிப் பேர் காஞ்சி ரோடு வழியாக எதிர்ப்பக்கமிருந்து வர வேண்டும், நடுவில் சந்திக்க வேண்டும். குகை வெட்டுகிறவருக்கு அது சாதாரணம். எங்களுக்குத் தலை சுற்றியது.

“எதிர்ச்சுத்தா? பௌர்ணமியன்னிக்கி மலையை இடது கைப்பக்கம் வெச்சிக்கினு நடக்கறதா? என்னங்க பேசறீங்க?” என்று அம்சாவே கேட்டுவிட்டார்.

பிறந்ததிலிருந்து மலையை வலது கைப்பக்கம் வைத்தே நடந்த கால்கள் ஒன்றுகூட அசையவில்லை. எல்லோரும் செங்கம் ரோட்டு அணியில் சேர்ந்துகொண்டோம். எதிர் அணியில் டனல்காரர் ஒருவரே நின்றார். காலில் செருப்பில்லை, தலையில் ஹெல்மெட். அப்படியே கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு அவரை எதிர்ச்சுற்றில் பார்த்தவர்கள் சொன்ன கதைகள் வேங்கிக்காலில் இன்னும் ஓடுகின்றன. வருகிற கூட்டமெல்லாம் ‘ஐயா, தப்பான பக்கம் போறீங்க’ என்று அவரைத் திருப்பிவிடப் பார்த்ததாம். அவர் ஒவ்வொருவரிடமும் நின்று, தெரியும் என்றும், ஓர் ஆள் உள்ளே மாட்டிக்கொண்டார் என்றும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். மலைக்குள்ளே சித்தர்கள் இருக்கிறார்கள் என்று நம்புகிற ஊர் இது. ஓர் அம்மாள் மலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவரை விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாராம்.

நாங்கள் அடி அண்ணாமலையை நெருங்கும்போது எதிரே ஹெல்மெட் தெரிந்தது. அவரை அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. அந்த இடத்தில் மோர் விற்கிற அம்மாவிடம் விசாரித்தோம்.

“உயரமா, விசில் மாட்டிக்கினு போவாரே, அந்த வாத்தியாரா? அவரு மாசா மாசம் இதோட சரிங்க” என்றார் அந்த அம்மா. “ரெண்டு மோர் குடிப்பாரு. அவரு அக்கா பையன் வண்டி எடுத்துக்கினு வருவான். பின்னால ஏறி உக்காந்துக்கினு பூடுவாரு.”

திரும்பி வந்து வாத்தியார் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினோம். வெகுநேரம் கழித்துத் திறந்தது. கன்னத்தில் பாய் பதிந்த வரிகளோடு வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், கூட்டமா வந்திருக்கீங்க? யாரையாவது காணோமா?” என்றார்.

ரொம்பச் சீக்கிரம் போய் டோக்கனைக் கழற்றினால் குட்டு வெளிப்படும் என்று, எல்லோரும் வந்த பிறகு கழற்றலாம் எனப் படுத்தவர் அசந்து தூங்கிவிட்டிருக்கிறார். கொப்புளக் காலோடு இரண்டாவது முறையும் வெயிலில் நடந்த தெருவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாத்தியாரை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் பலகைமேல் பாய்ந்தார்கள். முதலில் இந்தச் சனியனைக் கழற்றி எறியுங்கள் என்று ஒருவர் ஸ்டூலே கொண்டுவந்துவிட்டார்.

டனல்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அடிதடி என்றுதான் நினைத்தேன். அவர் வாத்தியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“வெளிய வந்துட்டீங்க இல்ல. அது போதுங்க” என்றார். “வந்து உங்க டோக்கனை நீங்களே கழட்டுங்க.”

வாத்தியார் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றும் பேசாமல் போய்க் கழற்றினார். இதற்குப் போய் இவ்வளவு பதற்றமா என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். டனல்காரர் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

“அங்க ஒருவாட்டி ஷிப்ட் மாறும்போது ஒரு டோக்கன் மட்டும் நின்னு போச்சுங்க. என் டோக்கனுக்கு அடுத்த ஆணி. ரொம்ப நாள் அப்படியே தொங்கிச்சு. யாருக்கும் கழட்ட மனசு வரல.”

ஸ்டூல் கொண்டுவந்தவர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். கேட்டருகே நின்றிருந்த அம்சாதான் கேட்டார்.

“ஆபீஸ்ல கணக்கு எழுதறேன்னு தானே சொன்னீங்க. உங்களுக்கு எதுக்குங்க டோக்கன்?”

டனல்காரர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டிலிருந்து குக்கர் விசிலைத் தவிர வேறு சத்தமில்லை. கடையில் நாற்காலி துடைத்து வைக்கப்பட்டதாக அம்சாவின் தம்பி சொன்னார். எதிர்ச்சுற்று வந்த பாவம் தீர நேர்ச்சுற்று வர வேண்டும் என்று அம்சா ஒருநாள் காலையில் அவரை இழுத்துக்கொண்டு மலை சுற்றப் போனார். வழியில் என்ன நடந்தது என்பதை அம்சா என் மனைவியிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டனல்காரர் தான் மறைத்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். பனிக்காலத்தில் அந்தப் பக்கத்து ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஹெலிகாப்டர் வருவதற்கு வானம் தெளியக் காத்திருப்பார்களாம். கணவாய் திறந்ததும் குகை வாசலுக்கு வந்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று அவர் கையைப் பிடித்துக் கேட்பார்களாம். இப்போது இரண்டு பக்கத்துக்கும் நடுவே கொஞ்சம்தான் பாக்கி, அது முட்டுகிறபோது நான் அங்கே இருக்க வேண்டும் அம்சா என்றாராம். கோயில் வாசலில் அம்சா அவர் பேரில் ஒரு சூடம் ஏற்றினாராம்.

அவர் கிளம்பிய அன்று ஆட்டோ வாசலில் நின்றது. தெருவே வழியனுப்ப வந்திருந்தது, வாத்தியார் உட்பட. அம்சா உள்ளேயிருந்து ஒரு புது டோக்கனோடு வந்தார். தானே வெட்டி, தன் கையெழுத்தில் பெயர் எழுதியிருந்தார். டனல்காரரின் உண்மைப் பெயரை எங்களில் பல பேர் அன்றுதான் படித்தோம். அதைப் பலகையின் நடு ஆணியில் மாட்டினார்.

“போய்ட்டு வாங்க. இதை நாங்க யாரும் தொட மாட்டோம்” என்றார். “நீங்களே வந்து கழட்டணும்.”

டனல்காரர் விரலை மடக்கிப் பலகையைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். சவுண்டு நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

போன வாரம் அம்சாவுக்குப் போன் வந்ததாம். இரண்டு பக்கமும் முட்டிவிட்டது, ஓட்டை விழுந்ததும் முதலில் அந்தப் பக்கத்துக் காற்றுதான் வந்தது என்று சொல்லி அழுதாராம். உள்ளே பூச்சு வேலை பாக்கியிருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் பலகையைக் கழற்றட்டுமா என்று கேட்டதற்கு அம்சா அதைச் சுற்றி மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டார். ஆபீஸுக்குப் போகும்போது தினமும் நான் அந்த டோக்கனைப் பார்க்கிறேன். இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு நாள் காலையில் அந்த ஆணி காலியாக இருக்க வேண்டும். அன்றைக்கு அவர் என் வீட்டுக் கூரையை எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டிக்கொள்ளட்டும்.