புளி போடாத கிழங்கு சூப்

சமைத்துப் பாராட்டு வாங்கிவிட்ட பிரம்மச்சாரியைப் போல ஆபத்தான ஜீவன் கிடையாது. அடுத்து ஊருக்கே சமைக்கிறேன் என்று கிளம்பிவிடுவான். நான் கிளம்பினேன்.

அப்போது மலைமேல் செம்மேட்டில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எங்கள் மேலதிகாரி ஓய்வுபெறும் நாள் வந்தது. கடுமையான மனிதர். பஸ் தாமதமாகி வந்தாலும் (மலை ரோட்டில் லாரி குறுக்கே நின்றால் பஸ் என்ன பறந்தா வரும்?) எங்களை நிற்கவைத்தே விளாசுவார். அவருடைய பிரிவு உபசாரத்தில் நல்லதாக நாலு வார்த்தை பேச ஆள் கிடைக்கவில்லை. துறையூரிலிருந்து அவர் மனைவியும் மகளும் வேறு வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் மனிதர் தலைகுனிந்து போவாரே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். சாப்பாடாவது நன்றாக இருக்கட்டும் என்று அந்தப் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.

சாமைச் சோறு, வெள்ளரிக்காய் கோசுமல்லி, முதலில் குடிக்க மலை மிளகு தட்டிப்போட்ட கருணைக்கிழங்கு சூப். கிழங்கைப் புளித்தண்ணீரில் வேகவைடா, இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும் என்று அம்மா போனில் படித்துப் படித்துச் சொன்னாள். ஆனால் அதிகாரிக்கு வயிற்றுப்புண், புளி ஆகாது. அவர் நலன் கருதிப் புளியை விட்டுவிட்டேன். மிச்சத்தை மிளகு பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

குளிருக்கு இதமாக இருக்கிறது என்று எல்லோரும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அதிகாரி குடும்பம் மட்டும், கூட்டம் முடியட்டும் என்று டம்ளர்களை மேசைமேல் வைத்திருந்தது.

அவரிடம் அதிகம் திட்டு வாங்கிய டைப்பிஸ்ட் அக்காதான், ஒப்புக்கு ஏதாவது சொல்லிவைப்போம் என்று முதலில் எழுந்தார். "சார்..." என்றார். அதற்குமேல் குரல் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டார், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அடுத்து வந்த டிரைவர் அதுகூடச் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு, முகத்தைத் துண்டால் மூடியபடி உட்கார்ந்துவிட்டார். என் தொண்டைக்குள்ளும் அரிப்பு ஏறியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஓடிப்போய் அதிகாரியின் டம்ளரைப் பிடுங்காத குறையாக எடுத்தேன்.

"சூடு பண்ணிட்டு வாரேனுங்க சார்" என்றேன். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"உங்களையெல்லாம் ரொம்ப வெரட்டிட்டேனுங்க. ஒருத்தரும் பேசமாட்டீங்கன்னு நெனச்சு, இவங்களக்கூட வரவேண்டாம்னுதான் சொன்னேன்" என்று மனைவியைக் காட்டினார். அவர் குரலும் உடைந்தது. அவர் ஒரு சொட்டு சூப்கூடக் குடித்திருக்கவில்லை.

மோர் குடித்து எல்லோருக்கும் தொண்டை அடங்கியது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார்கள். ஆனால் அவரிடம் போய் உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்பும்வரை கையாட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டைப்பிஸ்ட் அக்காவும் முந்தானையை எடுத்தார். அது மட்டும் நிஜமான அழுகை என்று இன்றுவரை வீட்டில் சொல்லிப் பார்க்கிறேன். என் மனைவி நம்புவதாக இல்லை.

"இல்லீங்க, அதுவும் கெழங்குதானுங்க" என்கிறாள்.