மேனேஜரும் மூன்று வரிப் புள்ளிகளும்

எனக்கு நகைச்சுவை எழுத வராது. இதை நான் ஒப்புக்கொள்ள முப்பது வருஷம் ஆயிற்று. என் மனைவி நவநீதம் கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

வெள்ளைக்காரன் காலம் அது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் ஆபீசில் நான் குமாஸ்தா. அந்த நாற்காலியை நம்பித்தான் மாமனார் பெண் கொடுத்திருந்தார் (முகத்தைப் பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார் என்பது நவநீதத்தின் கட்சி). நாற்காலி போனால் நவநீதமும் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள் என்ற நிலைமை. இப்படிப்பட்டவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா இல்லையா?

என் தோஸ்த் காசிம் பஜாரில் ஒரு சின்ன அச்சுக்கூடம் வைத்திருந்தான். ராணிப்பேட்டையில் ஊரைக் காலி செய்த ஒரு துரையின் வீட்டு ஏலத்தில், பழைய இங்கிலீஷ் சஞ்சிகைகளை மூட்டையாக வாங்கி வந்தான். அதில் ஒரு கட்டுரை, போன நூற்றாண்டு ருஷ்யாவின் நையாண்டிப் பத்திரிகைகளைப் பற்றி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன்.

ஜார் ராஜாவின் ஆட்சியில் அதிகாரிகளைப் பேர் சொல்லிக் கிண்டல் செய்ய முடியாதாம். அதனால் எழுதுகிறவர்கள் எல்லாரும் விசித்திரமான புனைபெயர்களில் ஒளிந்துகொண்டு, எந்தத் தேசப்படத்திலும் இல்லாத ஒரு ஊரைக் கற்பனை செய்து, அதில் ஒரு கற்பனை அதிகாரியை உட்கார்த்தி வைத்துச் சிரிப்பார்களாம். நூறு ஊர் அதிகாரிகளும் அது தன்னைத்தான் சொல்கிறது என்று அலறுவார்களாம். சென்சார்காரன் வெட்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக விட்டுவிடுவார்களாம். அச்சானதைவிடப் புள்ளிகளைத்தான் ஜனங்கள் ரசித்துப் படிப்பார்களாம்.

படித்து முடித்தபோது நான் ருஷ்யனாகிவிட்டேன். பனி ஒன்றுதான் குறைச்சல்.

கொட்டுகிற தேளின் பேரையே, 'நட்டுவாக்காலி' என்று பத்திரிகைக்கு வைத்தோம். எட்டுப் பக்கம். என் புனைபெயர் 'சம்மட்டி'. நான் கற்பனை செய்த ஊர் மூக்குமூடிப்பட்டணம். தோல் ஊறுகிற ஊரில் இருந்துகொண்டு இதைவிட வேறென்ன கற்பனை வரும்? அந்த ஊர் டேனரி மேனேஜரைப் பற்றிப் பிரமாதமாக ஆரம்பித்தேன். "மேனேஜர் மகாராஜா தினமும் சாயங்காலம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம் என்னவென்றால்..." என்று எழுதி நிறுத்தினேன். என்ன காரியம் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு நகைச்சுவையும் வரவில்லை.

அச்சுக் கோக்கிற அன்று காசிம் கத்தினான். "மூணு வரி காலியா கீதுபா. இன்னா போடறது?"

"புள்ளி போடு" என்றேன்.

"வெட்டினது யாருபா?"

"யாரும் வெட்டல. வெட்டின மாதிரி."

காசிம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு தன்னிடம் இருந்த முற்றுப்புள்ளி எழுத்துகளையெல்லாம் பொறுக்கி மூன்று வரியும் நிரப்பினான். மற்ற ஏழு பக்கங்களுக்குப் புள்ளி மிஞ்சவில்லை. அதனால் முதல் இதழில் மீதி எந்த வாக்கியமும் முடியவே இல்லை.

பத்திரிகை வெளிவந்த மறுநாள் ஊரில் அந்த மூன்று வரியைத் தவிர வேறு பேச்சில்லை. எழுதியது நான்தான் என்பது பரம ரகசியம் (பதினோரு பேரிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லியிருந்தேன்). சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் முனுசாமி ஆபீஸ் ஜன்னலோரம் வந்து நின்றான்.

"சார், அந்த வெட்டின சமாச்சாரம் இன்னா சார்? எங்களுக்கு மட்டும் சொல்லு சார்."

மர்மமாகச் சிரித்து வைத்தேன். சிரித்து முடிப்பதற்குள் மேனேஜர் சபாபதி கூப்பிடுவதாக ஆள் வந்தது.

அறைக்குள் போனதும் அவரே கதவைச் சாத்தினார். மேஜைமேல் நட்டுவாக்காலி. நவநீதம் தகரப் பெட்டியோடு ரயிலேறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"உக்காரு" என்றார். நாலு வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "இந்த மூணு வரியில இன்னா எழுதியிருந்தே?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாததுக்கா இத்தினி புள்ளி?" குரலைத் தாழ்த்தினார். "நாற்காலி மேல ஏறி நான் முள்ளைத் திருப்பறத ஜன்னல் வழியா பாத்தியா?"

எந்த முள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் தலைக்குமேல் இருந்த சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் டேனரியில் மணி அடிப்பார்கள். வேறு யாரிடமும் கடிகாரம் கிடையாது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். என் ஆயுசில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

நான் பேசாமல் இருக்க இருக்க அவருக்கு வியர்த்தது. "இருவது நிமிஷம்தான்யா பின்னால வெக்கறேன். அதுக்கு மேல ஜாஸ்தி இல்ல" என்றார். நான் கடிகாரத்தையே பார்த்தேன். "சரி, மொத வரி கடிகாரம். ரெண்டாவது வரி விரிஞ்சிபுரம் கோயில் கடை ஞாயிறு திருவிழா லீவுதானே? முதலாளி குடுத்துட்டாரு, நான்தான் இல்லேன்னு சொல்லிட்டேன். இந்த வருசம் விட்டுடறேன், போதுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் பத்திரிகையை இழுத்து, விரலால் வரிகளைத் தடவினார். "மூணாவது வரி இன்னாய்யா?"

எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. "அது உங்களுக்கே தெரியும் சார்" என்றேன்.

மனிதர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போயிற்று. "நீ போய் வேலையப் பாரு. வெளியில மூச்சு விடாத" என்றார்.

அன்று சாயங்காலம் மணி சரியான நேரத்துக்கு அடித்தது. ஒருவரும் வெளியே போகவில்லை. வெயில் இருக்கிறதே, இது எப்படி நம் மணியாக இருக்கும் என்று எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். முனுசாமி என்னிடம் ஓடி வந்தான்.

"சார், மணிய தப்பா அடிச்சிட்டானுங்க போல கீது."

"இல்லப்பா, இன்னிக்குத்தான் சரியா அடிச்சிருக்காங்க. வீட்டுக்குப் போங்க" என்றேன்.

அந்த வெயிலில் இருநூறு பேர் கைகால் கழுவிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஒரு எழுத்துகூட எழுதாமல் இவ்வளவு சாதித்த எழுத்தாளன் ருஷ்யாவிலும் இருந்திருக்க மாட்டான். வீட்டுக்குப் போய் நவநீதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நல்லவேளை, நீங்க இன்னும் கொஞ்சம் எழுதித் தொலைக்கல" என்றாள்.

தொலைத்தேன். இரண்டாவது இதழில் புள்ளியே இல்லாமல் ஒரு பக்கம் முழுக்க என் சொந்த நகைச்சுவை. ஒருவரும் சிரிக்கவில்லை. "புள்ளி போட்டது எப்போபா வரும்?" என்று கேட்டார்கள். நட்டுவாக்காலி அத்துடன் செத்தது.

பல வருஷம் கழித்து சபாபதி ஓய்வு பெற்றார். கழுத்தில் மாலையோடு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "இப்பவாச்சும் சொல்லுய்யா, மூணாவது வரி இன்னா?"

"சத்தியமா ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "சொல்ல மாட்டே. நீ பெரிய மனுசன்யா" என்றார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் வெல்லம் காணாமல் போனாலும் கண்ணாடி உடைந்தாலும் நவநீதம் யாரையும் விசாரிப்பதில்லை. "மூணாவது வரி எனக்குத் தெரியும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அரிசி பொறுக்க உட்கார்ந்துவிடுவாள். பத்து நிமிஷத்தில் ஆளுக்கொரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

போன வாரம் அதையே என்னைப் பார்த்துச் சொன்னாள். அந்த வரியில் ஒன்றுமே கிடையாது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். இருந்தாலும் நேராகப் போய், டாக்டர் வேண்டாமென்ற ஜிலேபியை பஜாரில் தின்றுவிட்டு வந்ததை ஒப்புக்கொண்டேன்.