நெஞ்சில் குந்திய துரைப்பேய்

1931இல் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியச் சரிவில் ஒரு மகா அற்புதம் நடந்துகொண்டிருந்தது. மூச்சிரைப்புக்காரர்களின் நெஞ்சிலிருந்து பேய் பிடுங்கினார் செல்லப்பாச் சாமி. கழுத்தில் சிலுவை, நெற்றியில் விபூதி, தோளில் பச்சைத் துண்டு. எந்த மதத்துச் சனத்தையும் அவர் வெறுங்கையோடு அனுப்புவதாக இல்லை.

முறை எளிது. தெளிந்த தண்ணீர்ப் போத்தலுக்குள் மூங்கில் குழாயால் ஊதவேண்டும். தண்ணீர் பாலாக வெளுக்கும். வெளுத்ததால் அது செத்துப்போன வெள்ளைத் துரையின் ஆவியாம். உயிரோடிருந்தபோது தலைமேல் ஏறியவர், செத்தபின் நெஞ்சில் ஏறினாராம். துரைமாரைப் பற்றி எதைச் சொன்னாலும் சனம் நம்பும்.

மடுல்கெல்லத் தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடம் தூள் சலித்த யாகப்பரும் நம்பினார். நாலு எட்டு வைத்தால் ஐந்தாவதற்குக் குந்திவிடுவார். "தூசியும் சுருட்டும் மூச்சுக்குழாயச் சுருக்கிருச்சு. போனது திரும்பாது. சுருட்ட விட்டா மிச்சத்தக் காப்பாத்தலாம்" என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் சொல்லியிருந்தார். சாமியோ, "தொரை ஆவிக்குச் சுருட்டுன்னா உசுரு. தினம் மூணு பத்தவச்சாத்தான் சாந்தமாகும்" என்றார். சுருட்டையும் அவரே விற்றார். யாகப்பருக்கு எந்த வைத்தியம் பிடித்தது என்று நான் சொல்லவேண்டுமா?

மூன்று வாரத்தில் அவர் உதடு நீலம் பாய்ந்தது. மனைவி மார்கிரட் பயந்துபோனாள். மனிதர் செத்துவிடுவார் என்றே நினைத்தாள். அடுத்த தடவை அவளும் கூடவே வந்தாள். போத்தல் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். வெற்றிலை போடுகிறவளுக்கு அந்தக் காரம் தெரியாதா?

"நானும் ஊதிப் பாக்கவா, சாமி?"

ஊதினாள். வெளுத்தது.

"புருஷங்கிட்டருந்து தொத்திருச்சு, தங்கச்சி."

"ஒங்கள ஆவி அண்டாதுல்ல? அப்ப நீங்க ஊதினா வெளுக்காது. புதுப் போத்தல்ல ஊதுங்க."

"நான் விரதம்."

"ஊதுறதுக்கு என்னங்க விரதம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

சாமி குழாயை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பினார். மூச்சை மட்டும் விடவில்லை. முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. எவ்வளவு நேரம்தான் அடக்குவது? குபுகுபுவென்று மொத்தமும் போத்தலுக்குள் போயிற்று. தண்ணீர் பாலானது.

"சாமிக்கும் தொரை ஏறிட்டாரு" என்றார் அதே ஆள்.

"தொரையுமில்ல, பேயுமில்ல. சுண்ணாம்புத் தெளிவு. யார் மூச்சு பட்டாலும் வெளுக்கும். நாக்குல வச்சுப் பாருங்க" என்றாள் மார்கிரட். யாகப்பர் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கி அதே போத்தலுக்குள் போட்டாள். கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் சாமி சரிவில் ஓடிக்கொண்டிருந்தார். நெஞ்சில் துரை இருந்தும் நல்ல ஓட்டம்.

யாகப்பர் இப்போது சுருட்டைத் தொடுவதில்லை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். இருமல் இருக்கிறது. ஆனால் பத்து எட்டு வைக்கிறார்.

உங்கள் நெஞ்சில் பேய் இருக்கிறது என்று எவனாவது சொன்னால், முதலில் அவனை ஊதச் சொல்லுங்கள்.