கிளைவ் வைத்த சுங்கச்சாவடி

பர்னி ஊர்க் கிளைவ் தன் மெயிலுக்கு ஒரு சுங்கச்சாவடி வைத்தார். அவர் போட்டு வைத்த பட்டியலில் பெயர் இல்லாத யார் மெயில் அனுப்பினாலும் தானாகவே பதில் போகும்: 'இரண்டு டாலர் கட்டினால்தான் திறப்பேன்.'

காரணம் இல்லாமல் இல்லை. போன வருடம், புல்தரையில் பந்து உருட்டும் கிளப்பின் இறுதி ஆட்டத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்து கிளப் செயலாளர் மெர்வ் மெயில் போட்டிருந்தார். வழுக்கைத் தைலம், சொகுசுக் கப்பல், லாட்டரிப் பரிசு என்று கொட்டிய குப்பையில் அது புதைந்துபோனது. வியாழன் மாலைக்குள் பதில் வராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. கிளப் விதி. இந்த வருடம் விடுவதாயில்லை.

"தெரிஞ்சவங்களுக்குக் காசு கிடையாது. எல்லார் பேரையும் ஏத்திட்டேன்," என்றார் மனைவி நொலீனிடம்.

"என் பேரு?"

"நீ இதே வீட்லதானே இருக்கே! உனக்கெதுக்கு மெயில்?"

"ஓஹோ." நொலீன் காரட்டை நறுக்கினார். கொஞ்சம் பலமாகவே.

திங்கள், ஒரு மெயிலும் இல்லை. கிளைவ் சிரித்தார். செவ்வாய், இல்லை. தலையைச் சொறிந்தார். புதன், தனக்குத்தானே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தார். இரண்டு டாலர் கேட்டது. கட்டினார். வியாழன் மாலை முழுக்க மேசைக்கடியில் படுத்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார்.

வெள்ளியன்று கிளப்புக்கே ஓடினார். மெர்வ் அடுப்பில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மெயில் போட்டேனேப்பா! ரெண்டு டாலர் கேட்டுச்சு. அந்தக் காசுக்கு ரொட்டியில சுத்தி ஒரு சாசேஜே கிடைக்குமே!"

"உன் பேரைத்தான் ஏத்தியிருக்கேனே!"

"எனக்கேது மெயில்? எப்பவும் என் பொண்டாட்டி பெரில் மெயில்லேருந்துதானே போடுவேன்!"

"அப்போ... என் இடம்?"

"நேத்து சாயங்காலம் போன் போட்டேன். நொலீன் எடுத்தாங்க. 'அவரு மேசைக்கடியில கிடக்கறாரு'ன்னாங்க. 'சரி, நீங்களும் மெம்பர்தானே, நீங்களாவது ஆடுங்க'ன்னேன்."

வீட்டில் நொலீன் ஆட்டத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, நொலீன்?"

"சொன்னேனே. மெயில்ல. காசு கேட்டுச்சு, விட்டுட்டேன்."

"மாற்று ஆளாவது ஒருத்தர் வேணுமில்ல? என்னைப் போட்டுக்கயேன்."

நொலீன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"மெயில் போடு. என் சாவடியில மூணு டாலர்."