அனுசரித்துப் போன ஏஜென்ட்

வீரபாண்டி, திருப்பூர்
வெள்ளிக்கிழமை

அன்பிற்குரிய மருமகன் பிரதீப்புக்கு,

தாய்மாமன் நஞ்சப்பன் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, கவிப்பிரியா, தையல் மிஷின்கள் எல்லோரும் சுகம். பெங்களூரில் நீ சுகமா என்று கேட்பதுதான் முறை; கோபம் தணிந்ததும் கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் திட்டினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் காகிதம்.

போன மாதம் வந்து நம் பனியன் கம்பெனி கம்ப்யூட்டரில் இரண்டு சாமான்களைப் போட்டுவிட்டுப் போனாய். ஒன்று, ஆர்டர் கொடுக்கும் பையர் மெயிலில் அனுப்பும் அளவுகளை எடுத்து அட்டவணையில் நிரப்பும் ஏ.ஐ. ஏஜென்ட். இன்னொன்று, அந்த அட்டவணையில் காலியிடமோ கோளாறோ இருந்தால் பிடித்துக்கொடுக்கும் சரிபார்ப்புக் கருவி. "மாமா, இந்தக் கருவிய எப்படிப் பயன்படுத்தோணும்னு ஏஜென்ட்டுக்கு ஒரு பக்கம் எழுதி வெச்சிருங்க, அது படிச்சு அப்படியே நடந்துக்கும்" என்றாய். ஆர்டர்களைக் கவனிப்பது என் மகள் கவிப்பிரியாதானே, தானே எழுதுகிறேன் என்றாள். நான் விடவில்லை. ஊரில் பாதிப் பேரை வேலைக்குப் பழக்கியவன், ஒரு ஏஜென்ட்டைப் பழக்க மாட்டேனா? உட்கார்ந்து மரியாதையாக எழுதினேன்: "வாங்க, இது உங்க ஊடு மாதிரி. கருவி ஏதாச்சும் தப்புன்னு சொன்னா சத்தம் போடாதீங்க, கொஞ்சம் அனுசரிச்சு வேலைய முடிச்சு உடுங்க."

முடித்து விட்டதப்பா. டென்மார்க் பையரம்மா குழந்தைகள் டீ-ஷர்ட்டுக்கு அனுப்பிய அளவுகளில் கழுத்து அகலத்தை எழுத மறந்துவிட்டார். கருவி நியாயமாக, "காலியாக இருக்கிறது, தவறு" என்றிருக்கிறது. நம் ஏஜென்ட் சத்தம் போடவில்லை. பக்கத்திலிருந்த உடல் நீளத்தை எடுத்துக் கழுத்திலும் போட்டு அனுசரித்தது. இடம் நிரம்பிவிட்டதால் கருவியும் வாயை மூடிக்கொண்டது. எனக்கு வந்த செய்தி: "எல்லாம் சரிங்க ஐயா."

சாம்பிள் தைக்கிற மாரிச்செல்வம், தூத்துக்குடிக்காரர், தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "மொதலாளி, கழுத்து சட்டைய விட அகலமா இருக்கே. பிள்ளைக்கு மேல வழியா போட்டா கீழ வழியா வந்துரும்லா?"

"கம்ப்யூட்டரே சரின்னு சொல்லிப்போடுச்சுங்க, வெட்டுங்க" என்றேன்.

வெட்டினார். தைத்தும் கொண்டுவந்தார். "இது சட்ட இல்ல மொதலாளி. ரெண்டு கை வச்ச பாவாட."

அதற்குள், சாம்பிள் பார்க்கத் திருப்பூர் வந்திருந்த பையரம்மாவின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. ஒளிக்க நேரமில்லை. அம்மா அதைத் தூக்கிப் பிடித்து, திருப்பி, உள்ளே எட்டிப் பார்த்து, இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கவிப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கொழந்தைக்குத் தோள் எங்கேன்னு கேக்கறாங்கப்பா." ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போகிறது என்றே நினைத்தேன். புதிதாக ஒரு சாம்பிள் காட்ட ஒரு வாரம் தந்துவிட்டுப் போனார்.

ஏஜென்ட்டை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அது பணிவாக, நான் எழுதிய வரியையே எனக்குப் படித்துக் காட்டியது! ஆத்திரத்தில் அதை அழித்துவிட்டு, "எதுவானாலும் நிறுத்திக் கேள்" என்று மட்டும் எழுதினேன். மறுநாள் ஊத்துக்குளியில் சொந்தக்காரர் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்தில் போன் விடாமல் அடிக்கிறது. "வெள்ளை என்றால் எந்த வெள்ளை?" "பையரின் மெயிலில் 'அவசரம்' என்று இருக்கிறது, அது நிறமா?" ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

கடைசியில் கவிப்பிரியா என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டாள். "ஏனுங்கப்பா, அதுக்கு ஜாடை தெரியாதுங்க. அனுசரின்னா நெசமாலுமே அனுசரிச்சிரும்" என்றாள். கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது, தவறென்றால் என்ன அர்த்தம், பையர் தந்த அளவை ஏஜென்ட் தொடவே கூடாது, எந்த வரியில் கோளாறு என்று யாரிடம் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணத்தோடு அவளே எழுதினாள். ஒரு "வணக்கம்" கூட இல்லாமல் ஒரே பக்கம். படிக்கவே மனசு வரவில்லை. ஏஜென்ட்டும் அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, எல்லாம் அவளிடம்தான். சொந்தக் கம்பெனியில் இது எனக்குத் தேவையா?

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போ. பழையபடி பேப்பரும் பென்சிலும் போதும். வராவிட்டால் எனக்கு மருமகனே இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ நீடூழி வாழ வேண்டும். கழற்றிய பிறகு.

உன் மாமன்,
நஞ்சப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது கவிப்பிரியா ஓடிவந்தாள். புது சாம்பிள் பிடித்துப்போய்த் தந்த ஆர்டரில் பையரம்மா ஆறு வயது அளவையும் பன்னிரண்டு வயது அளவையும் மாற்றிப் போட்டுவிட்டாராம். வயது கூடும்போது அளவு குறைகிறதே என்று கருவி பிடித்திருக்கிறது. ஏஜென்ட் எதையும் தொடாமல் இவளிடம் சொல்லியிருக்கிறது. கட்டிங் மேசையில் துணி விரித்தாகிவிட்டது, கத்தி வைக்கவில்லை. பையரம்மா நன்றி சொல்லி, அடுத்த சீசனும் நமக்கே என்று எழுதிவிட்டார். ஆகவே மேலே உள்ளதைப் படித்திருந்தால் மறந்துவிடு. ஞாயிறு வா, எதையும் தொடாதே, நாட்டுக்கோழி அடிக்கிறோம். உன் அம்மாவிடம் மட்டும் இதைக் காட்டாதே. அந்த ஒரு பக்கத்தை எழுதியது நான்தான் என்று இப்போதுதான் அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.