எதிரணிப் பையன் விழுந்தபோது நான் அடித்த விசில்

எனக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதை நான் இப்போதெல்லாம் வெளியே சொல்வதில்லை. ஈரோட்டில் அண்ணன்களோடு சினிமாவுக்குப் போய்க் கற்ற வித்தை. இரண்டு விரலை நாக்குக்கடியில் மடக்கி ஊதினால் நாலு தெருவுக்குக் கேட்கும். ஹூஸ்டனுக்கு வந்தபிறகு ஒரே ஒரு சாயங்காலம்தான் அதைப் பயன்படுத்தினேன். அந்த ஒன்றே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

மகள் யாழினி அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசித்தாள். டெக்சஸில் வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டம் என்றால் ஊரே கிளம்பிவிடும். (ஃபுட்பால் என்றதும் காலால் உதைப்பது என்று நினைக்காதீர்கள். ஒருவன் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள்.)

"அம்மா, ஜஸ்ட் சிட் அண்ட் வாட்ச். ப்ளீஸ்," என்று மகள் சொல்லித்தான் கூட்டிப்போனாள்.

சும்மா உட்காருகிற ஜாதியா நான்? முந்தின நாளே இரண்டு வீடியோ பார்த்து ஒரு விதியைக் கற்றிருந்தேன். எதிரணி ஆள் விழுந்தால் நமக்கு நல்லது.

இரண்டாம் பாதியில் சிவப்புச் சட்டைப் பையன் ஒருவன் பந்தோடு ஓடிவந்தான். நம் பையன்கள் பாய்ந்தார்கள். விழுந்தான். நான் எழுந்து நின்று ஒரு விசில் அடித்தேன். பின்னாலேயே இன்னொன்று. "சூப்பர்டா! ஸ்டே டவுன்!" என்று ஆங்கிலத்திலும் கத்தினேன்.

மைதானம் அடங்கிப்போயிற்று. இரண்டு அணிப் பையன்களும் ஒவ்வொருவராக ஒற்றைக்கால் முட்டி போட்டார்கள். பேண்ட் பிள்ளைகள் வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஏதோ சம்பிரதாயம் போலிருக்கிறது, ஜெயிக்க வேண்டுதல் வைக்கிறார்கள் என்று நினைத்து, உற்சாகப்படுத்த மூன்றாவது விசிலையும் அடித்தேன். அந்த அமைதியில் அது ஸ்கோர்போர்டு வரை போய் என்னிடமே திரும்பி வந்தது.

என் கணவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "உக்காருடீ. அந்தப் பையனுக்கு அடிபட்டிருக்கு."

"எந்தப் பையனுக்குங்க?"

"நீ விசிலடிச்சியே, அவனுக்குத்தான்."

பார்வையாளர்கள் விளையாட்டுப் பண்பைக் காக்க வேண்டும் என்று ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டது. யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, முன்வரிசைகள் மொத்தமாகத் திரும்பி என்னைப் பார்த்தன. பேண்ட் வரிசையில் யாழினி தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொண்டாள்.

இரண்டு பேர் தாங்கிப்பிடிக்க, பையன் நொண்டிக்கொண்டே வெளியே போனான். இரு பக்கமும் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்ட வேண்டிய இடம் அதுதானாம். நான் தட்டவில்லை. கையைத் தூக்கவே பயமாக இருந்தது.

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பெற்றவளிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று எழுந்தேன். "வேண்டாம், நீ இனிமே எதுவும் பண்ணாத," என்று கணவர் கெஞ்சினார். நான் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டேன்.

கையில் நாச்சோஸ் என்கிற சோளச் சிப்ஸ் தட்டோடு ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். சிவப்புச் சட்டை, முன்னால் 'மாம்' என்று எழுதியிருந்தது. பாய்ந்து கையைப் பிடித்தேன். கண்ணீர் தானாக வந்தது.

"ஐ ஆம் சோ சாரி அபௌட் யுவர் சன்."

அந்த முகம் வெளுத்தது. "வாட் ஹேப்பண்டு டு மை சன்?"

பாவம், தின்பண்டக் கடைக்குப் போயிருந்ததால் பார்க்கவில்லை போலும் என்று நானே விளக்கினேன். விழுந்தான், எழவில்லை, எல்லோரும் முட்டி போட்டுப் பிரார்த்தனை செய்தார்கள் என்று.

நாச்சோஸ் தரையில் கொட்டியது. "டைலர்!" என்று அலறிக்கொண்டு அவர் வேலியை நோக்கி ஓடினார். டைலர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அம்மாவின் அலறலைக் கேட்டு எழுந்து நின்று, தான் உயிரோடு இருப்பதைக் காட்டக் கையசைத்தான். விளையாடும் பையன்களின் அம்மாக்கள் அத்தனை பேரும் 'மாம்' சட்டைதான் போடுவார்களாம். யாருடைய அம்மா என்று முதுகில் எழுதியிருக்குமாம். நான் முதுகைப் பார்க்கவில்லை.

ஒரு காவலாளி மிக மரியாதையாக என்னை எங்கள் பக்கம் கொண்டுவந்து விட்டார். அடிபட்ட பையனின் அம்மாவை நான் கடைசிவரை பார்க்கவேயில்லை.

திரும்பும்போது காரில் யாழினி இரண்டே வாக்கியம் பேசினாள். பையனுக்குக் கணுக்கால் சுளுக்குதான் என்பது ஒன்று. "நெக்ஸ்ட் வீக், ஒன்லி அப்பா," என்பது மற்றது.

அந்த நெக்ஸ்ட் வீக் நாலு வருடம் நீடித்தது. அவள் பள்ளி முடிக்கும்வரை, உள்ளூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் கார் நிறுத்துமிடத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வாத்தியங்களுக்கு நடுவே என் மகளின் கிளாரினெட் எது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இப்போதும் எங்காவது துக்கம் விசாரிக்கப் போனால், காலிங் பெல்லை அழுத்துவதற்கு முன்னால் கணவர் என் கையைப் பிடித்து நிறுத்துவார். "முதல்ல யாருன்னு கேளு. அப்புறம் அழு."

எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் என் மகள், தமிழில் பிழையில்லாமல் முழுசாகச் சொல்லும் ஒரே வாக்கியமும் அதுதான்.