ஆட்டோவில் போட்ட மோட்டாரும் என் கடைசிப் பரீட்சையும்

நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. அனுபவத்தில் சொல்கிறேன்.

கொரோனாக் காலம். பி.எஸ்சி. கணிதம் கடைசிப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுத வேண்டும். போன் கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முடிந்த அரை மணிக்குள் தாள்களைப் படமெடுத்து அனுப்பிவிட வேண்டும். தஞ்சாவூர் டவுன் நண்பர்கள் "ஜாலிடா" என்றார்கள். (அவர்களுக்கென்ன, மெத்தையிலேயே சிக்னல்.) எனக்கு சிக்னல் கிடைத்த ஒரே இடம் எங்கள் வயல் மோட்டார் கொட்டகை. இந்தத் தாள் போனால் அரியர், கிடைத்திருந்த எம்.எஸ்சி. இடமும் போச்சு.

அன்றைக்கென்று குறுவை நடவு. "த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டாரப் போட்டுடுடா" என்று சொல்லிவிட்டு அப்பா நாற்றங்காலுக்குப் போய்விட்டார். பரீட்சை நடுவே எழுந்து போக முடியுமா? மோட்டாரை ஆட்டோவில் போட்டேன். கரண்ட் வந்தால் தானாகவே ஓடும். (அந்தப் புத்திசாலித்தனம் இதுதான்.)

வரப்பில் காற்று தாளைப் பறக்கடித்தது. கொட்டகையை ஒட்டிய தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. போனை விளிம்பில் சாத்திவிட்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். நிழல், அமைதி, முழு சிக்னல். இருபத்திரண்டு பக்கம் எழுதி முடித்து, பைப்புக்கு நேர் கீழே சோம்பல் முறித்தேன்.

கரண்ட் வந்தது.

முதுகில் யானை முட்டியது போல் விழுந்தேன். எழுந்து பார்த்தால், என் பட்டப்படிப்பு வாய்க்கால் வழியாக நடவு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பாக்கியக்கா! பேப்பர்! புடிங்க!"

பாக்கியக்காதான் நடவு ஆட்களுக்குத் தலைவி. "என்ன தம்பி, நெல்லு நடுற எடத்துல கணக்கு நட வந்துட்டீங்களா?" என்றபடியே ஓடிவந்தார். பின்னாலேயே எட்டுப் பெண்கள், நாற்றுமுடியைப் போட்டுவிட்டு.

"ஏழாம் பக்கத்தக் காணும்டி!"

"தெக்கு வயலுக்குப் போயிருக்கும், ஓடு!"

போனில் மேற்பார்வை மேடம் அலறினார்: "தம்பி, எங்க இருக்கீங்க? வெறும் தண்ணிதான் தெரியுது!"

போனைத் திருப்பிக் காட்டினேன். வாய்க்காலில் போகும் தாள்களைப் பார்த்ததும், "பதறாதீங்க. நீங்க எழுதி முடிச்சத நான் பாத்தேன். கூட ஒரு மணி நேரம் வாங்கித் தர்றேன். காயவச்சு அனுப்புங்க" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அந்த ஏழாம் பக்கம் கெடச்சுதா?" என்றார்.

கிடைத்தது. சேற்று விரல் ரேகையோடு. பால்பாயின்ட் பேனா என்பதால் எழுத்தும் தப்பியது. வரப்பு முழுக்கத் தாளை விரித்து, மூலைக்கொரு மண்ணாங்கட்டி வைத்து, முந்தானையால் விசிறினார்கள். நடவு நின்றதைப் பார்த்து அப்பா கத்திக்கொண்டே வந்தார். பாக்கியக்கா உதட்டில் விரலை வைத்தார்: "சத்தம் போடாதீங்கண்ணே. பரீட்சை நடக்குது." அப்பா, வாழ்க்கையில் முதல்முறையாக, வாயை மூடிக்கொண்டு அவரும் விசிறினார்.

பாஸ்.

பிறகு கல்லூரி, இணையவழித் தேர்வு பற்றி மாணவர்களின் கருத்தைக் கேட்டது. நெட் இல்லை, ஒரே போனில் மூன்று பிள்ளைகள் என்று மற்றவர்கள் நியாயமாகவே நிறைய எழுதினார்கள். நான் 'தண்ணீர் வசதி தாராளம்' என்று எழுதி, கீழே மேடத்துக்கும் ஒன்பது பெண்களுக்கும் பெயர் போட்டு நன்றி சொன்னேன். அது கிண்டல் இல்லை.

என் கல்யாணத்துக்கு ஒன்பது பேரும் வந்தார்கள். பாக்கியக்கா மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "நெல்லு காயவச்சிருக்கோம், உளுந்து காயவச்சிருக்கோம். ஒரு பட்டதாரியக் காயவச்சுக் குடுத்தது உன் வீட்டுக்காரர் ஒருத்தரத்தாம்மா" என்றார்.

இப்போதும் படித்த மிதப்பில் நான் கொஞ்சம் ஓவராகப் பேசினால், என் மனைவி தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "இன்னும் ஈரம் போகல."